பஞ்சு அடைத்த டப்பா

எங்கள் வீட்டு மாத்திரை டப்பாவில் எப்போதும் பஞ்சு இருக்கும். கிளினிக்கில் டப்பாவை வாங்கியதும் என் கணவர் செய்கிற முதல் வேலை, மூடியைத் திறந்து மேலே பஞ்சை அடைப்பதுதான். பையில் கிடந்து குலுங்கினாலும் சத்தம் வராது. பக்கத்து வீட்டுக்கும் எங்களுக்கும் நடுவே ஒற்றைச் சுவர்தான் என்பதால், நாலு பேர் வாய்க்குப் பயந்து செய்கிறார் என்று நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

இருவருக்கும் எச்.ஐ.வி. உண்டு. எனக்கு அது முதல் கணவர் விட்டுப்போன சொத்து. அந்த மனிதர் போனதும் மாமியார் வீட்டில் முதலில் என் தட்டைத் தனியாக வைத்தார்கள், பிறகு என்னையே வெளியில் வைத்தார்கள். இவருக்கும் முதல் மனைவி இறந்துவிட்டாள். மாத்திரைக்கு நிற்கும் வரிசையில்தான் பழகினோம். "பொருத்தமெல்லாம் பாக்க வேணாம், ரெண்டு பேர் ரிப்போர்ட்டும் ஒண்ணாத்தான் இருக்கு" என்று அவர் சொன்னபோது, வரிசையே திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன்.

கல்யாணத்துக்கு முன் ஒன்றே ஒன்று கேட்டார். "குழந்தை மட்டும் வேணாம். சரியா?"

அப்போது எனக்குத் துணைக்கு ஓர் ஆள் கிடைத்தால் போதும் என்றிருந்தது. சரி என்றேன்.

அவர் மின்விசிறி பழுதுபார்ப்பவர். சத்தத்தை வைத்தே எங்கே கோளாறு என்று சொல்லிவிடுவார். எனக்குத் தையற்கடையில் காஜா போட்டுப் பொத்தான் தைக்கிற வேலை. பெரியவர்கள் சட்டையென்றால் கை தன்பாட்டுக்கு ஓடும். சின்னச் சட்டை வந்தால் ஊசி நின்றுவிடும். பிறந்த பிள்ளைச் சட்டைக்குப் பொத்தான் வைக்கக் கூடாது, பிய்த்து வாயில் போட்டுக்கொள்ளும், நாடாதான் தைக்க வேண்டும். இதெல்லாம் எனக்குத் தெரியும். யாருக்காகத் தெரிந்து வைத்திருக்கிறேன் என்பதுதான் தெரியாது.

"என்னடி, இன்னும் விசேஷம் ஒண்ணும் இல்லையா?" என்பாள் பக்கத்து மெஷின் அக்கா.

"ஆர்டர் குடுத்தாச்சுக்கா. டெலிவரிதான் லேட்டு."

எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரித்துவிட்டு, குனிந்து நூலைக் கடிப்பேன்.

இந்த முறை டாக்டரம்மாவிடம் கேட்டே விட்டேன். அவர் என் ரிப்போர்ட்டை இன்னொரு தடவை பார்த்தார். "மாத்திரையை ஒழுங்கா போடுறீங்க. கிருமி டெஸ்ட்ல தெரியாத அளவுக்குக் குறைஞ்சிருக்கு. இப்படியே இருந்தா குழந்தைக்குத் தொத்துற வாய்ப்பு ரொம்ப ரொம்பக் கம்மி. அடுத்த தடவை அவரையும் கூட்டிட்டு வாங்க, பேசுவோம். வயசு ஏறிட்டே போகுது, தள்ளிப் போடாதீங்க."

வீட்டுக்கு எப்படி வந்தேன் என்றே தெரியவில்லை. வாயால் சொன்னால் அழுதுவிடுவேன் போலிருந்தது. அலமாரியில் காலி மாத்திரை டப்பா ஒன்று கிடந்தது. பஞ்சை எடுத்துப் போட்டுவிட்டு, மஞ்சளும் சிவப்புமாகப் பொத்தான்களை நிரப்பி மூடியை இறுக்கினேன். குலுக்கிப் பார்த்தேன். சும்மா சொல்லக் கூடாது, காசு கொடுத்து வாங்குகிற கிலுகிலுப்பை தோற்றுவிடும்.

அவர் வந்து செருப்பைக் கழற்றும்போது, கதவுக்குப் பின்னாலிருந்து குலுக்கினேன்.

ஒற்றைச் செருப்போடு அப்படியே நின்றார். முகம் வெளுத்துவிட்டது.

"கீழ வை."

"என்னங்க, டாக்டரம்மா என்ன சொன்னாங்கன்னா..."

"வைன்னு சொல்றேன்ல!"

அவர் என்னிடம் குரலை உயர்த்தியது அதுதான் முதல் தடவை. வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவளும் இப்படித்தான் செஞ்சு குடுத்தா, பாப்பாவுக்கு. பாப்பாவுக்கு முடியாம போயி டெஸ்ட் எடுத்தப்பதான் எங்களுக்கே நோய் இருக்கிறது தெரியும். அவ மாத்திரை டப்பாதான் அதுக்கு வெளையாட்டுச் சாமான். கடைசியில குலுக்கத் தெம்பு இல்ல. நாங்கதான் அது கையைப் புடிச்சுக் குலுக்கிவிட்டோம்."

பஞ்சு எதற்கென்று அப்போதுதான் தெரிந்தது.

அவர் பக்கத்தில் உட்கார்ந்தேன். "அப்ப உங்களுக்கு நோய் இருக்கிறதே தெரியாதுங்க. இப்ப தெரியும், மருந்து இருக்கு. வாய்ப்பு ரொம்பக் கம்மின்னு சொன்னாங்க."

"கம்மின்னாங்க. இல்லவே இல்லைன்னாங்களா?"

டப்பாவை மடியில் வைத்து, சத்தம் வராமல் கையால் பொத்திக்கொண்டேன்.

"உனக்கு வேணும்னா என்னை விட்டுடு. நான் தப்பா நெனைக்க மாட்டேன்."

"விட்டுட்டு? மறுபடி போயி வரிசையில நிக்கவா?"

சிரிப்பதற்காகத்தான் சொன்னேன். இருவருக்கும் சிரிப்பு வரவில்லை. டப்பாவைத் துணியில் சுற்றித் தையல் பைக்குள் வைத்தேன். எறிய மனம் வரவில்லை.

அடுத்த முறை கிளினிக்குக்கு நான் கூப்பிடாமலே கிளம்பினார். சவரம் செய்து, இஸ்திரி போட்ட சட்டை போட்டிருந்தார்.

டாக்டரம்மாவின் அறைக்குப் போக, தாய்மார்கள் பிள்ளைகளோடு உட்கார்ந்திருக்கும் தாழ்வாரத்தைக் கடக்க வேண்டும். என் கையைப் பிடித்தபடி பாதித் தூரம் வந்தார். ஒரு குழந்தை பால்புட்டியைப் பெஞ்சில் தட்டிக்கொண்டிருந்தது. அவர் நின்றுவிட்டார்.

"அந்த ஃபேன்ல பேரிங் போயிருக்கு. கேக்குதா?" என்றார் மேலே பார்த்தபடி.

விசிறி ஓசையே இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. அவர் கண்ணில் நிறைந்தது கீழே விழாமலிருக்கத்தான் அண்ணாந்திருக்கிறார்.

"ஆமாங்க, கேக்குது. நீங்க வெளியில இருங்க" என்று கையை விட்டேன்.

"அவர் வரலையா?" என்று கேட்டார் டாக்டரம்மா.

"வந்தாருங்க. பாதித் தூரம் வந்தாரு."

"அவ்வளவு தூரம் வந்தவரை உள்ள கூப்பிடுங்க, நான் பேசுறேன்."

"வேணாம் டாக்டர். அதுக்கு மேல அவரால முடியாது."

சொல்லி முடித்த பிறகுதான் என்ன சொன்னேன் என்பது எனக்கே உறைத்தது. டாக்டரம்மா மருந்துச் சீட்டை எழுதிக் கொடுத்தார்.

மருந்து கொடுக்கும் ஜன்னலில் புது டப்பாவை வாங்கினேன். அவர் கேட்டருகே முதுகைக் காட்டி நின்றிருந்தார். நர்ஸிடம் கொஞ்சம் பஞ்சு கேட்டு வாங்கி, நானே அடைத்தேன். காதருகே வைத்துக் குலுக்கினேன். லேசாகக் கேட்டது. இன்னும் கொஞ்சம் வாங்கி அடைத்தேன்.