தரையில் விழ வேண்டிய அடி

ஆகஸ்ட் பதினைந்து என்றால் ஆவடி மாதா கோயிலில் திருநாள் பூசை, சுதந்திர தினக் கொடியேற்றம், அப்புறம் காலையிலேயே நாடகம். அந்நியத் துணிக்கடை மறியல். வெள்ளைக்கார போலீஸ் அதிகாரி வருஷா வருஷம் மேக்ஸ்வெல்தான். அவன் கறுப்பு நிறத்துக்கு அந்த வேஷமே ஒரு தமாஷ். கடை வாசலில் உட்கார்ந்து அடி வாங்கும் தொண்டர், அவன் தங்கை புருஷன் ஆரோக்கியசாமி. பிரம்பு ஆளுக்குப் பக்கத்தில் தரையில் விழ வேண்டும், திரைக்குப் பின்னால் மேளத்தில் ஒரு போடு. அவ்வளவுதான் அடி.

இந்த வருஷம் மேக்ஸ்வெலுக்கு மச்சான்மேல் ஆத்திரம். இவன் காட்டுப்பாக்கத்தில் ஃப்ளாட் வாங்கிப் பால் காய்ச்சிய அன்று, அத்தனை பேர் முன்னால் ஆரோக்கியசாமி, "நெலத்த வித்துட்டு அந்தரத்துல ஊடு வாங்கிக்கினான்" என்று சிரித்துவிட்டான். அவன் சிரித்தால் கூட்டமே சிரிக்கும். சிரித்தது.

மேடையில் மச்சான் சம்மணம் போட்டு உட்கார்ந்ததும் அந்தச் சிரிப்புதான் மேக்ஸ்வெல் காதில் கேட்டது. பிரம்பு தோளில் இறங்கியது. மனசு ஆறவில்லை, இன்னொன்று வைத்தான்.

ஆரோக்கியசாமி கையைத் தூக்கவில்லை. நிமிர்ந்து பார்த்தான். புரிந்துகொண்ட பார்வை. சனம் விசிலடித்துக் கைதட்டியது. மேக்ஸ்வெலுக்கு உடம்பெல்லாம் கூசியது. பாவி, என்ன காரியம் செய்துவிட்டான்!

நாடகம் முடிந்து பின்னறையில் தங்கை எவாஞ்சலின், புருஷன் தோளில் ஐஸ் வைத்தாள். "கையக் குட்த்துத் தடுக்கக் கூடாதா?"

"தடுத்தா அது இன்னா மறியல்? உங்கண்ணனுக்குக் கை தவறிச்சு, உடு."

அவள் இன்னும் ஐஸ் வாங்கப் போனதும், வாசலில் நின்ற மேக்ஸ்வெல் உள்ளே வந்து கதவைச் சாத்தினான்.

"தவறல மச்சான். வேணும்னேதான் அடிச்சேன்."

"தெரியும்."

திட்டுவான் என்று நின்றான். ஆரோக்கியசாமி மிச்ச ஐஸைத் தோளில் அழுத்திக்கொண்டான். தாங்க முடியாமல் பிரம்பை மச்சான் மடியில் வைத்து, முதுகைத் திருப்பி உட்கார்ந்தான்.

"ரெண்டு போடு மச்சான். சரியாப் பூடும்."

பிரம்பு அவன் பக்கத்தில் தரையில் வந்து விழுந்தது.

"உனக்குச் சரியாப் பூடும்னுதான் கேக்கற. நான் அடிக்க மாட்டேன்" என்று ஆரோக்கியசாமி சட்டையை மாட்டிக்கொண்டான். "எடுத்துக்கோ. சாயங்காலம் உங்க காட்டுப்பாக்கத்துல மறுபடியும் நாடகம் கீது. நான் வந்து உக்காருவேன்."