கப்பல் போட்ட இரண்டு மூடிகள்

கணவருடைய இடது கை விரல்களை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது அழைப்பு மணி அடித்தது. சுண்டுவிரல் மட்டும் பாக்கி. அதையும் துடைத்து முடித்துவிட்டுத்தான் அவள் எழுந்தாள். வந்திருப்பது யாரென்று தெரியும். மணியைப் பாதி அழுத்திவிட்டுச் சுட்டதுபோல் கையை எடுத்துக்கொள்கிறவள் ஒருத்திதான் உண்டு.

"மில்லிமீட்டர் வந்துட்டா போலிருக்கு," என்றார் கட்டிலில் கிடந்தவர்.

முந்தாநாளிலிருந்து கண்ணைத் திறப்பதற்கே யோசித்த மனிதர். இனி வலிக்கு மட்டும்தான் மருந்து, வீட்டுக்குக் கூட்டிப்போங்கள் என்று ஆஸ்பத்திரியில் சொல்லி அனுப்பிவிட்டார்கள். காலையில் "பால் குடிக்கிறீங்களா" என்று அவள் கேட்டதற்குத் தலைகூட அசையவில்லை. இப்போது பேச்சு வருகிறது. அதுவும் பட்டப்பெயர் சொல்லி!

பெட்டி அச்சகத்தில் அவருக்குக் கடைசி மெருகு வேலை. அட்டையில் படம் அச்சாகி வந்த பிறகு, அதன்மேல் தங்க நிறத்தில் ஃபாயில் ஒட்டி மினுக்குவதா, அடியிலிருந்து அழுத்திப் படத்தை மேடாக எழுப்பி எம்பாஸ் செய்வதா, ஒன்றும் வேண்டாமென்று பளபளப்பில்லாமல் அப்படியே விட்டுவிடுவதா என்பதெல்லாம் அவர் மெஷினுக்கு வந்துதான் முடிவாகும். படம் வரைவது, இப்போது மணி அடித்த அந்தப் பெண். ஒரு மில்லிமீட்டர் விலகினாலும் மெஷினை நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிப்பாள். அதனால் அந்தப் பெயர். வைத்தவர் இவர்தான்.

அந்த மெருகு வீட்டுக்கும் வந்தது. சாயங்காலம் பையைத் திறந்தால் ஒரே படம் போட்ட இரண்டு பெட்டி மூடிகள் இருக்கும், மெருகு மட்டும் வேறு வேறு. ஒன்றைச் சாப்பாட்டு மேஜையில் போடுவார், இன்னொன்றை டிவி பக்கத்தில். "எடுத்து வைங்களேன், குப்பையா கிடக்கு" என்றால், "இருக்கட்டும், ரெண்டு நாள்" என்பார். அவளும் ஒரு தடவை மாத்திரை போட, ஒரு தடவை பொத்தான் போட என்று ஏதாவது ஒன்றை எடுத்துக்கொள்வாள். எடுக்கும்போதெல்லாம் நெஞ்சில் ஒரு முள். சக்களத்தி வீட்டுக்கு வராவிட்டால் என்ன, அவள் சாமான் வந்து குடியேறிவிட்டதே!

அவர்கள் இருவருக்கும் நடுவில் ஒன்றும் இல்லை. பஸ் டிப்போவில் டிக்கெட் கவுண்டருக்குப் பின்னால் உட்கார்ந்து ஊர்ப்பட்ட முகம் பார்த்தவளுக்கு அது தெரியாதா? அதுதான் பெரிய தொல்லை. ஏதாவது இருந்திருந்தால் ஒரு சண்டையோடு போயிருக்கும். ஒன்றுமில்லாததற்கு யாரைப் பிடித்து உலுக்குவது?

கதவைத் திறந்தாள். துணிப்பையை நெஞ்சோடு அணைத்தபடி அந்தப் பெண் நின்றாள். ஆள்காட்டி விரலில் எப்போதும்போல ஒரு பிளாஸ்திரி.

"அண்ணன் முழிச்சிருக்காராக்கா?"

"உங்களுக்காகத்தான் முழிச்சிருக்கார். வாங்க."

குத்தல் அந்தப் பெண்ணுக்குப் புரிந்ததோ என்னவோ, செருப்பைக் கழற்றி ஒழுங்காக ஜோடி சேர்த்து வைத்துவிட்டு உள்ளே வந்தாள்.

போர்வைமேல் இரண்டு கறுப்பு மூடிகள் வந்து உட்கார்ந்தன. விலை கூடிய ஏதோ பலகை விளையாட்டுக்கான பெட்டியாம். கடலில் ஒரு கப்பல், சுற்றிலும் அலை. ஒன்றில் கப்பலும் அலையும் தங்கமாக மின்னின. மற்றதில் படத்துக்கு நிறமே இல்லை. சாய்த்துப் பிடித்தால்தான் கப்பல் இருப்பதே தெரிந்தது.

"இது ஃபாயில்ண்ணே. இது வெறும் எம்பாஸ். நீங்க சொன்னீங்கன்னு அலைய இன்னும் கொஞ்சம் தூக்கியிருக்கேன்."

"எவ்வளவு தூக்கினே?"

"கால் மில்லி."

"கால் மில்லியா? சொத்துல பாதிய எழுதிக் கொடுத்த மாதிரியில்ல இருக்கு!"

சிரித்தார். சிரிப்பு இருமலில் போய் முடிந்தது. மனைவி தலையணையைத் தூக்கிப் பிடித்தாள். இந்தச் சிரிப்புக்காக அவள் எத்தனை பழங்கதை சொல்லிப் பார்த்திருப்பாள். கால் மில்லியில் வந்துவிட்டது.

"நாளைக்குக் காலையில கம்பெனிக்காரருக்குச் சொல்லணும்ண்ணே. நீங்க எதச் சொல்றீங்களோ அதுதான்னுட்டாரு. கடையில தூரத்துல நின்னு பார்த்தா ஃபாயில்தான் கூப்பிடும்."

"கூப்பிடும். வீட்டுக்கு வந்தப்புறம்? வாரா வாரம் திறந்து மூடுவாங்க. ஓரத்துல தங்கம் உரிஞ்சிதுன்னு வையி, மேக்கப் கலைஞ்ச மாதிரி இருக்கும்."

"அப்ப எம்பாஸா?"

"அவசரப்படாதே," என்றார். சொல்லிவிட்டு மனைவியைப் பார்த்தார்.

அவள் அந்தப் பார்வையை எடுத்துக்கொண்ட விதம் வேறு. நீ கொஞ்சம் வெளியே போயேன் என்கிறார். சாகக் கிடக்கும்போதும் நான்தான் இடைஞ்சல். விறுவிறுவென்று சமையலறைக்குப் போய், கழுவின டம்ளரையே திரும்பக் கழுவினாள்.

சற்று நேரத்தில் ஃபோன் ஒலித்தது. அந்தப் பெண் பேசிக்கொண்டே மாடிப்படிப் பக்கம் போவது கேட்டது. கையைத் துடைத்துக்கொண்டு அறைக்கு வந்தாள். அவர் இரண்டு மூடிகளையும் அவள் பக்கமாகத் தள்ளி வைத்திருந்தார். அவ்வளவு தூரம் தள்ளியதற்கே மூச்சு வாங்கியது.

"இந்தா, பிடி."

"எதுக்கு?"

"சும்மா பிடியேன்."

"என் கை ஈரம். இது உங்க ரெண்டு பேர் சமாச்சாரம். நடுவுல நான் எதுக்கு, நந்தி மாதிரி?"

கை ஈரமில்லை. அது அவருக்கும் தெரிந்திருக்கும், அவள் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். கோபித்துக்கொள்ளவில்லை. "சரி, அப்புறம்," என்று கண்ணை மூடிக்கொண்டார்.

அந்த அப்புறம் வரவில்லை. சாயங்காலம் வருகிறேன் என்று அந்தப் பெண் கிளம்பிப் போனாள். மதிய வெயில் ஜன்னல் திரையைத் தாண்டி அவர் கால்மாட்டுக்கு வந்த நேரம். மூடிகள் நழுவிவிடப் போகின்றனவே என்று துணியால் பிடித்து நாற்காலிமேல் வைத்துவிட்டுத் திரும்பினாள். ஒரு மூச்சுக்கும் அடுத்ததற்கும் நடுவே இடைவெளி நீண்டிருந்தது. காத்திருந்தாள். பிறகும் காத்திருந்தாள். வெளியே யாரோ வண்டியை எடுக்க முடியாமல் உதைத்துக்கொண்டே இருந்தார்கள்.

சாயங்காலம் கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். அவருடைய அக்கா வந்து வீட்டைத் தன் கையில் எடுத்துக்கொண்டாள். நாற்காலியை இப்படிப் போடு, ஃபேனைக் குறை, அந்த விளக்கு எதுக்கு என்று அவள் குரல் எல்லா அறையிலும் இருந்தது. ஒவ்வொருவராக வந்தார்கள், உட்கார்ந்தார்கள், எழுந்து போனார்கள்.

மில்லிமீட்டர் வந்தாள். செருப்பு ஸ்டாண்டைத் தாண்டி வரவில்லை. அங்கேயே சுவரோடு சாய்ந்து, வாயை இறுக மூடிக்கொண்டு அழுதாள். சத்தமே இல்லை, தோள் மட்டும் குலுங்கியது. பார்த்தவளுக்குப் பொறுக்கவில்லை. தனக்கு மத்தியானத்திலிருந்து ஒரு சொட்டு வரவில்லை. வந்தவளுக்கு எப்படிக் கொட்டுகிறது!

"யாரும்மா அது, இப்படி உருகுது?" என்று நாத்தனார் காதருகே குனிந்து கேட்டாள்.

"ஆபீஸ், அண்ணி."

"ஆபீஸுக்கு இவ்வளவு கண்ணீரா?"

அவள் எழுந்தாள். நேராகப் போய் அந்தப் பெண்ணின் முழங்கையைத் தொட்டு, "உள்ள வாங்க," என்றாள். படுக்கையறைக்குள் வந்ததும் கதவைச் சாத்தினாள். கட்டில் வெறுமையாக இருந்தது. நாற்காலிமேல் கிடந்த மூடிகளை இந்தக் கையில் ஒன்று அந்தக் கையில் ஒன்றாக எடுத்தாள்.

"உங்க சாமான். எடுத்துட்டுப் போங்க."

அந்தப் பெண் வாங்கிக்கொள்ளவில்லை. முகத்தைத் துடைத்தாள்.

"அக்கா, இன்னிக்கிக் கேக்கக் கூடாது. தப்புதான். எதுன்னு ஏதாச்சும் சொன்னாரா?"

"ஒண்ணும் சொல்லல. என்கிட்ட நீட்டினார்."

"நீட்டினாரா? நீங்க எத எடுத்தீங்க?" அழுத முகத்தில் அப்படி ஒரு அவசரம்.

"நான் எடுக்கல. எனக்கென்ன தெரியும் உங்க தொழில்?"

அந்தப் பெண் கட்டில் விளிம்பில் உட்கார்ந்துவிட்டாள்.

"அவர் உங்ககிட்ட சொன்னதே இல்லையாக்கா?"

"எத?"

"எந்த மெருகா இருந்தாலும் ரெண்டு மாதிரி வீட்டுக்குக் கொண்டுபோவாரில்ல. எங்கயாவது போட்டு வெச்சிட்டு, நீங்க எத எடுக்குறீங்கன்னு பார்த்துக்கிட்டே இருப்பாராம். மறுநாள் மெஷின்கிட்ட வந்து நிப்பாரு. 'வீட்ல இதத்தான் எடுத்தா, ரெண்டு தடவ தடவிப் பார்த்துட்டுத்தான் மாத்திரையப் போட்டா'ம்பாரு. அவ்வளவுதான், அதுதான் ஓடும். நான் ராத்திரியெல்லாம் யோசிச்சு ஒரு காரணம் கொண்டுபோவேன். 'உன் காரணம் நல்லாத்தான் இருக்கு, ஆனா கை அந்தப் பக்கம் போகலியே'ம்பாரு."

கூடத்தில் நாத்தனார் யாருக்கோ நாற்காலி போடச் சொன்னாள்.

"உங்க மேல எனக்கு அவ்வளவு ஆத்திரம் வரும்க்கா. மன்னிச்சிருங்க. இதே ஃபாயிலுக்கு எத்தன தடவ முட்டி மோதியிருக்கேன். ஒரு தடவகூட உங்க கைய என்னால ஜெயிக்க முடியல."

மூடிகள் இரண்டும் இன்னும் அவள் கையில்தான் இருந்தன. இவள் என்மேல் பொறாமைப்பட்டாளாம். கேட்கச் சிரிப்பு வரவேண்டும், இல்லாவிட்டால் மனசாவது குளிரவேண்டும். இரண்டும் வரவில்லை. வந்தது பழைய முள்தான், இன்னும் ஆழமாக. என் கையை இத்தனை காலம் பார்த்திருக்கிறார். அது எங்கே நின்றது, எதைத் தடவியது என்று மனப்பாடமாக வைத்திருக்கிறார். வைத்திருந்து, அதை ஒருநாள், ஒரே ஒரு நாள், சாப்பிடும்போதோ விளக்கை அணைக்கும்போதோ என்னிடம் சொன்னாரா? மெஷின் பக்கத்தில் நின்று இவளிடம் சொல்லியிருக்கிறார். என் கையைப் பற்றின பேச்சும் இவளுக்குத்தான் கிடைத்திருக்கிறது.

மத்தியானம் அவர் நீட்டியது ஞாபகம் வந்தது. சும்மா பிடியேன்.

"அக்கா," என்றாள் அந்தப் பெண், தயங்கி. "நீங்களே சொல்லிருங்க. அவர் சொன்னதா கம்பெனிக்காரருக்குச் சொல்லிக்கிறேன்."

சொல்லிக்கொள்வாளாம். எனக்கென்று அவர் நீட்டிய கடைசிப் பொருளையும் பையில் போட்டுக்கொண்டு போவாளாம். கொடுக்க மாட்டேன் என்று நெஞ்சு அடம்பிடித்தது. இனி இந்தக் கையைப் பார்த்து யாரும் பெட்டி செய்ய வேண்டாம்.

"தங்கம்," என்றாள். குரல் கணீரென்று வந்தது. "தங்கத்தையே போடுங்க. உங்களுக்கும் அதுதானே பிடிக்கும்?"

அந்தப் பெண் மூடிக்குக் கை நீட்டவில்லை. தலையைக்கூட அவள் நிமிர்த்தவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருந்தது இவளுடைய வலது கையை. அங்கே நிறமில்லாத மூடியின்மேல் கட்டைவிரல் அலையில் ஏறி, இறங்கி, மறுபடி ஏறிக்கொண்டிருந்தது.