கையை எண்ணியவர்

வாசுதேவன் தலைநகரில் ஜனக்புரிப் பக்கம் மாநகராட்சியில் உதவிப் பொறியாளர். இரண்டாயிரத்து மூன்றாம் வருஷம் மேலிடத்துக்குத் திடீரென்று ஞானோதயம் வந்தது. வார்டு நிதியை எதற்குச் செலவழிப்பது என்று இனி மக்களே முடிவு செய்வார்களாம். அவர்கள் கை தூக்கி முடிவெடுக்கும் கூட்டத்தை நடத்த வேண்டியவர் இவர்.

"கையை எண்ணுறதுதான் என் வேலை. மத்தது அவங்க பாடு," என்று வீட்டில் சொன்னார். காலனிப் பூங்காவில் நீரூற்று வந்தால் நன்றாயிருக்கும் என்றாள் மனைவி பூங்கோதை. வீட்டு வேலை செய்யும் செங்கம்மாள் பாத்திரம் துலக்கிக்கொண்டிருந்தாள். காலனிக்குப் பின்னாலிருந்த அவளுடைய ஜுக்கிக் குடிசைப் பகுதியில் கழிப்பறை கிடையாது. பெண்கள் இருட்டும்வரை அடக்கிக்கொண்டு ரயில் பாதைப் பக்கம் போக வேண்டும்.

ஞாயிற்றுக்கிழமை பூங்காவில் கூட்டம். ஜுக்கிப் பெண்கள் புல்லில் உட்கார்ந்தார்கள். அவர்களை வேலைக்கு வைத்திருந்தவர்கள் எதிரே நாற்காலிகளில். நீரூற்றுக்குக் கைகள் விறுவிறுவென்று உயர்ந்தன. கழிப்பறைக்கு ஒரு கைகூட எழவில்லை. வீட்டுக்கார அம்மா பார்த்துக்கொண்டிருக்கும்போது எந்தக் கை எழும்?

"அச்சா, ஹோ கயா," முடிந்தது என்று காலனிச் சங்கத் தலைவர் எழுந்தேவிட்டார்.

அதோடு விட வாசுதேவனுக்கு மனசு வரவில்லை. எல்லோரையும் கண்ணை மூடிக்கொள்ளச் சொல்லி மறுபடியும் கேட்டார். முணுமுணுத்துக்கொண்டே மூடினார்கள். இந்த முறை கழிப்பறைக்குப் புல்வெளியில் ஒவ்வொரு கையாக மேலே வந்தது. சர்வீஸில் உருப்படியாக ஒரு காரியம் செய்துவிட்டோம் என்று நினைத்தார்.

எண்ணி முடித்தபோது நீரூற்று ஒரே ஒரு கையால் ஜெயித்திருந்தது. அதற்கு உயர்ந்த கைகளில் செங்கம்மாளுடையதும் இருந்தது.

மறுநாள் காலை அவள் வந்ததும் கேட்டுவிட்டார். "உங்களுக்காகத்தானே அவ்வளவு மெனக்கெட்டேன்? எல்லாரும் கண்ணை மூடிட்டுத்தானே இருந்தாங்க?"

செங்கம்மாள் குழாயை மூடினாள்.

"மத்தவளுங்க வேலை செய்யிற வூட்டுக்காரங்க மூடியிருந்தாங்க சார். நான் வேலை செய்யிற வூட்டுக்காரர் நீங்கதானே. நீங்க எண்ணுறதுக்குக் கண்ணைத் தொறந்துக்கிட்டு இருந்தீங்களே. அம்மாவுக்கு எது ஆசைன்னு எனக்குத் தெரியும். இந்த வேலையும் போச்சுன்னா நான் எங்க போவேன்?"

வாசுதேவனுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. தீர்மானத்தில் நேற்றே கையெழுத்துப் போட்டு அனுப்பியிருந்தார். அவள் குழாயைத் திறந்து, அவர் சாப்பிட்ட தட்டைக் கழுவத் தொடங்கினாள்.