மில்லு விடும் நேரம்

பெட்டியில் கிடத்தியிருந்த அப்பாவின் வெள்ளைச் சட்டைக்குக் கடைசிப் பொத்தானைப் போட்டுக்கொண்டே சுகிர்தா மூன்றாம் முறையாகக் கேட்டுப் பார்த்தாள்.

"அண்ணாச்சி, நாலரைக்கு எடுத்தா என்ன? நாலு மணிக்கு மில்லு விட்டுரும். அந்தப் பிள்ளைங்க வந்துரும்."

சபைச் செயலாளர் ஆமோஸ் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். "மூணு மணின்னு எல்லாருக்கும் சொல்லியாச்சும்மா. போதகருக்கு அம்பாசமுத்திரத்துல வேற சோலி கிடக்கு. வெயிலப் பாத்தியா?"

இரண்டு நாளாக ஆஸ்பத்திரியில் கண் மூடாதவளுக்கு வாயைத் திறக்கவே அலுப்பாக இருந்தது. "அவனுவ வராம என்னைய மூடிராதட்டி" என்று அப்பா கேட்டிருந்தார். அந்த மனிதர் போகும்போதுகூட லேசான வேலையைக் கொடுத்துவிட்டுப் போகவில்லை. ஷிஃப்ட் முடியாமல் ஆளை விட முடியாது என்று மில் முதலாளி போனிலேயே கையை விரித்துவிட்டார்.

சேரன்மகாதேவி பக்கத்து அரிசி மில்லுக்கு மூட்டை தூக்க ஒடிசாவிலிருந்து வந்த பதினாறு பேரை, பதினோரு வருஷத்துக்கு முன்னால் கோயிலுக்குள் கூட்டிவந்தவர் அவளுடைய அப்பா, உபதேசியார் ஞானாபரணம். கூட்டிவந்தவர் பின்வரிசையில் உட்காரவைத்து அனுப்பியிருந்தால் ஊருக்கு நிம்மதி. கர்த்தர் கற்பித்த ஜெபத்தைத் தமிழில் ஒரு வரி சொல்லுவார், நிறுத்துவார், அவர்கள் அதை ஒடியாவில் சொல்லி முடித்த பிறகுதான் அடுத்த வரி. "ரப்பரா இழுக்காரு" என்று முதலில் முணுமுணுத்தவர் ஆமோஸ். வாராவாரம் விடாமல் முணுமுணுத்தவரும் அவர்தான்.

மூன்றரைக்குக் கல்லறைத் தோட்டத்தில் பெட்டியை இறக்கினார்கள். மாற்றலாகி வந்து பத்து நாளே ஆன போதகர் அந்த ஜெபத்தைத் தொடங்க, எல்லோரும் முதல் வரியைச் சேர்ந்து சொன்னார்கள். போதகர் இரண்டாம் வரிக்குப் போனார், தனியாக. கூட்டம் நின்றுவிட்டது. பழக்கதோஷம். பதில் வரி சொல்ல வேண்டியவர்கள் மில்லில் இருக்கிறார்கள் என்பது யாருக்கும் சட்டென்று உறைக்கவில்லை. போதகரும் திகைத்து நிறுத்தினார்.

வாய்க்காலில் தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டது. காலையிலிருந்து சுகிர்தாவுக்கு வராத அழுகை இப்போது வந்துவிடும்போல் இருந்தது.

யாரோ தொண்டையைச் செருமினார்கள். பிறகு அந்த வரி ஒடியாவில் வந்தது, தப்பும் தவறுமாக, அசல் நெல்லை இழுப்போடு. ஆமோஸ்தான். அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. அடுத்த வரிக்கு நாலைந்து குரல்கள் சேர்ந்துகொண்டன. ஆமென் வர இரட்டை நேரம் பிடித்தது.

குழி வெட்டிய முத்துமாலை மண்வெட்டியைக் கையில் எடுத்தான்.

"மம்பட்டிய கீழ வையிலே" என்றார் ஆமோஸ். "மில்லு விடட்டும்."

போதகர் கைக்கடிகாரத்தைப் பார்த்தார். முத்துமாலை மண்வெட்டியை வேப்பமரத்தில் சாத்தினான். சுகிர்தா பக்கத்துக் கல்லறையின் விளிம்பில் பைய உட்கார்ந்து, செருப்பைக் கழற்றிவிட்டு, கால்களை நீட்டிக்கொண்டாள்.