போய்ச் சேர்ந்ததாக ஒரு கேக்

படிவத்தில் உள்ளூர்த் தொடர்பு என்ற இடத்தைக் காந்தா காலியாக விட்டிருந்தாள். எலெக்ட்ரானிக் சிட்டியில் அந்த அடுக்குமாடிக் குடியிருப்பின் அலுவலகத்தில் ஜூடித் மூன்று வருடமாக இருக்கிறாள். குடிவருகிறவர்களின் படிவத்தைச் சரிபார்ப்பது அவள் வேலை.

"அவசரத்துக்குக் கூப்பிட ஒரு பேராவது வேணும் மேடம்."

"அப்பா மல்லேஸ்வரத்துல இருந்தார். போன வருஷம் போயிட்டார். நான் வரலை." அமெரிக்காவிலிருந்து திரும்பி இரண்டு வாரம்தான் ஆகிறதாம். பேச ஆள் கிடைத்த வேகத்தில் காந்தா தொடர்ந்தாள். "என் கல்யாணத்துல சண்டை. போன் பண்ணினா வெச்சுடுவார். ரெண்டாயிரத்தொண்ணுல அவரோட அறுபதுக்கு இண்டர்நெட்ல ஒரு கேக் அனுப்பினேன், முட்டை போடாதது. கூடவே ஒரு கார்டு. போய்ச் சேர்ந்துடுத்துன்னு மெயில் வந்துது. அவர் கூப்பிடலை. அதோட நானும் விட்டுட்டேன்."

"எந்த சைட் மேடம்?"

"கூடை டாட் காம். இப்போ அதெல்லாம் எங்கே இருக்கப்போறது."

ஜூடித் முத்திரையைக் குத்தி, "பரவால்ல, காலியாவே இருக்கட்டும்," என்று படிவத்தை வாங்கி வைத்துக்கொண்டாள்.

கூடை டாட் காம் இந்திராநகரில் ஒரு மாடியில் இருந்தது. இப்போது அங்கே பல் ஆஸ்பத்திரி. கம்பெனி இருந்த நாளில் அங்கே வேலை பார்த்த ஜூடித், வெளிநாட்டுப் பிள்ளைகள் அனுப்பும் வாழ்த்தைக் கையால் கார்டில் எழுதுவாள். அவள் கையெழுத்து நன்றாக இருக்கும். கம்பெனியை மூடிய அன்று நாற்பத்தோரு ஆர்டர் பாக்கி இருந்தது. டெலிவரி வண்டிகளைக் காலையிலேயே திருப்பி எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள். முதலாளி நாகேஷ் வயர்களைப் பிடுங்கிக்கொண்டே, "எல்லாத்துக்கும் டெலிவர்ட்னு போட்டுடு ஜூடித். யாரு வந்து கேக்கப் போறாங்க, விடு," என்றான். அவள் போட்டாள். நாற்பத்தொன்றையும் முடிக்க அரை மணி நேரம்கூட ஆகவில்லை. அந்தக் கடைசி நாளைக் கல்யாண வீடுகளில் வேடிக்கைக் கதையாகச் சொல்லிப் பலரைச் சிரிக்க வைத்திருக்கிறாள். மல்லேஸ்வரத்துக் கார்டை மட்டும் எப்போதும் விட்டுவிடுவாள். 'அப்பா, கோபம் தணிந்திருந்தால் இந்த நம்பருக்கு ஒரு தடவை கூப்பிடுங்கள். கூப்பிடாவிட்டால் இனி தொந்தரவு செய்யமாட்டேன்.' அதை எழுதும்போது கண் கலங்கியது அவளுக்கு நினைவிருந்தது. அவள் அப்போது குடியிருந்த ஃப்ரேசர் டவுனிலிருந்து மல்லேஸ்வரம் ஒரு பஸ் தூரம். கேக் இல்லாவிட்டாலும் கார்டைக் கொண்டுபோய்க் கொடுத்திருக்கலாம். மறுநாள் அவளுக்கு வேறொரு இண்டர்வியூ இருந்தது.

காந்தா படிவம் கொடுத்த மறுநாள் காலையில் ஜூடித் அலுவலகத்தைத் திறக்காமல் நேரே நான்காவது மாடிக்குப் போனாள். காந்தா உட்காரச் சொன்னாள். பிரிக்காத பெட்டி ஒன்றின் மேல் உட்கார்ந்து, ஜூடித் முழுவதையும் சொன்னாள். நாகேஷ் சொன்னதைச் சொல்லும்போது மட்டும், அவன்மேல் பாதியைத் தள்ளிவிடத்தான் பார்க்கிறோம் என்று அவளுக்கே கேட்டது.

"பட்டனை அழுத்தினது நான்தான் மேடம்."

காந்தா கத்தவில்லை. "அவர் அதைப் பாக்கவே இல்லையா?" என்று மட்டும் கேட்டாள். இன்னொரு தடவை, அதே வார்த்தைகளில் கேட்டாள். பிறகு எழுந்துபோய் போனில் ஒரு நம்பரை அழுத்தினாள்.

"மங்களம் அத்தை. கடைசி வரைக்கும் அப்பாவோட இருந்தவ. கடிதாசு ஒண்ணுகூடப் போடாத பொண்ணுன்னு இன்னிக்கும் என்கிட்ட முகம் குடுத்துப் பேசறதில்லை. நான் சொன்னா நம்பமாட்டா. நீங்களே சொல்லுங்கோ."

போன் ஜூடித்தின் கைக்கு வந்தது. அந்தப் பக்கம் குக்கர் சத்தம். ஜூடித் தன் பெயரைச் சொன்னாள்.

"யாரு? சத்தமாப் பேசும்மா, எனக்குக் காது கேக்காது."

வாசல் கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டுப் பெண் கோலப்பொடிக் கிண்ணத்துடன் நிமிர்ந்து பார்த்தாள். லிஃப்டுக்காக இரண்டு பேர் நின்றிருந்தார்கள். ஜூடித் பெட்டியிலிருந்து எழுந்து, தொண்டையைச் செருமிக்கொண்டு, உரக்க ஆரம்பித்தாள்.