வெட்டாத பிரசவம்

பெட்டியைக் கவிழ்த்து எண்ணியபோது பத்தொன்பது சீட்டுகளில் பதிமூன்றில் எல்விரா கொரொனெலின் பெயர் இருந்தது. வெளியிலிருந்து வந்த பயிற்சிக் குழுவினர் ஆஸ்பத்திரி ஊழியர்களிடம் கேட்டிருந்தது ஒரே கேள்விதான்: பிரசவ அறையில் சந்தேகம் வந்தால் யார் சொல்வதைக் கேட்பீர்கள்? டாக்டர் ஒகாம்போவுக்கு இரண்டு சீட்டு. எல்விராவுக்குச் சிரிப்பும் பெருமையும் சேர்ந்தே வந்தன. சந்தியாகோ தெல் எஸ்தெரோ மாகாணத்தின் அந்தச் சின்ன ஆஸ்பத்திரியில் இருபத்து நான்கு வருடமாக அவள் மருத்துவச்சி. தலைப்பிரசவம் என்றால், குழந்தையின் தலை தெரிந்ததும் பிறப்பு வாயிலில் கத்தரியால் ஒரு வெட்டு, பிறகு ஆறேழு தையல். தானாகக் கிழிந்தால் தாறுமாறாகக் கிழியும், வெட்டினால் நேராக ஆறும் என்றுதான் அவளுக்குச் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அந்த வெட்டில் அவளை மிஞ்ச ஆள் இல்லை.

இப்படி ஒவ்வொரு ஆஸ்பத்திரியிலும் அதிகச் சீட்டு வாங்கித் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களுக்குத் துக்குமான் நகரில் மூன்று நாள் வகுப்பு. நடத்திய டாக்டர் மரிசோல் பெரால்தா எல்விராவைவிடப் பதினைந்து வயது இளையவள். பிரசங்கம் எதுவும் செய்யவில்லை. ஆயிரக்கணக்கான பிரசவங்களை இரண்டாகப் பிரித்து, ஒரு பக்கம் எல்லோரையும் வெட்டி, மறுபக்கம் அவசியமானால் மட்டும் வெட்டி நடத்திய ஆய்வின் அட்டவணையைக் கையில் கொடுத்து, "நீங்களே படிச்சுச் சொல்லுங்க" என்றாள். எல்லோரையும் வெட்டிய பக்கத்தில்தான் காயமும் தையலும் அதிகம். எல்விரா மூன்று முறை படித்தாள். கோபம்தான் முதலில் வந்தது.

"ஏசி ரூம்ல உக்காந்து எண்ணினவங்களுக்கு எங்க ஊர்ப் பிரசவம் என்ன தெரியும்?"

"நானும் ஒன்பது வருஷம் வெட்டினவதான்க்கா," என்றாள் பெரால்தா. "இதை முதல்ல படிச்சப்ப கிழிச்சுப் போடணும்னுதான் எனக்கும் தோணிச்சு."

எல்விரா அட்டவணையை மடித்துப் பையில் வைத்தாள். துணிப் பொம்மையை வைத்துக்கொண்டு, தலை மெல்ல வரும்படி கையை எப்படி வைப்பது என்று பழகினாள். சம்மதிக்காத சக ஊழியரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கும் ஒரு பயிற்சி இருந்தது. அதில் டாக்டராக நடித்த எல்விரா, ஒகாம்போ மாதிரியே மூக்கால் பேசிக் கைதட்டல் வாங்கினாள். ஊர் திரும்பும் பஸ்ஸில், முள்காட்டைப் பார்த்தபடி, தான் வெட்டிய பெண்களை எண்ணத் தொடங்கினாள். நானூறு தாண்டியதும் கண்ணை மூடிக்கொண்டாள்.

அடுத்த செவ்வாய், ஊரே கதவைச் சாத்திப் படுத்திருந்த மதிய வெயிலில், யனினா என்ற இருபது வயதுப் பெண் வலியோடு வந்தாள். முதல் பிள்ளை. தலை தெரிந்தது.

"என்ன எல்விரா, கத்தரி எடுக்கலையா?" என்றார் ஒகாம்போ.

"வேண்டாம் டாக்டர்."

"கிழிஞ்சா?"

"கிழிஞ்சா நான் தைக்கிறேன். குழந்தையோட இதயத் துடிப்பு நல்லா இருக்கு. கொஞ்சம் பொறுங்க."

கத்தரி எட்டும் தூரத்தில்தான் இருந்தது. துடிப்பு இறங்கினால் எடுத்திருப்பாள். வெந்நீரில் நனைத்த துணியை ஒற்றிப் பிடித்துக்கொண்டு, "முக்காதடி தங்கம், சூடான சூப்பை ஊதுற மாதிரி ஊது" என்றாள். வேகத்துக்கே பழகிய மறு கையை, வகுப்பில் பழகியபடி குழந்தையின் தலைமேல் மெல்ல அணைத்து வைத்தாள். ஒகாம்போ கடிகாரத்தைப் பார்த்தார். நான்கு வலிகள் வந்து போயின. ஐந்தாவதில் பெண் குழந்தை வழுக்கிக்கொண்டு வந்து வீறிட்டது. யனினாவுக்கு நகக்கண் அளவு சிராய்ப்பு, அவ்வளவுதான்.

ஒகாம்போ குனிந்து பார்த்துவிட்டு, "அதிர்ஷ்டம்" என்றார். கதவருகே நின்று, "சரி, அடுத்ததையும் பார்ப்போம்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

கொல்லைப்புற நிழலில் நர்ஸ் சுல்மா, ஒரே குடுவையில் ஊற்றி ஆளுக்கொரு முறையாக உறிஞ்சும் மாத்தே என்ற பச்சிலைத் தேநீரைக் கலந்துகொண்டிருந்தாள். பதினோரு வருடத்துக்கு முன் அவளுக்குப் பிரசவம் பார்த்ததும் எல்விராதான்.

"உன்னையும் வெட்டினேனே சுல்மா. தேவையே இல்லாம."

"தெரியும்க்கா. நாலு மாசம் ஒழுங்கா உக்கார முடியல."

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமேடி."

"சொன்னேனே. ஆறிடும்னுட்ட."

எல்விராவுக்கு அது நினைவில்லை. அதுதான் இன்னும் சுட்டது. "அப்புறம் எதுக்குடி சீட்டுல என் பேரை எழுதின?"

"எம் பையன் நீலமாப் பொறந்தான். போயிட்டான்னு எல்லாரும் கையை எடுத்தாங்க, அவன் அழற வரைக்கும் நீ எடுக்கல. பிள்ளைக்காகன்னா எதையும் செய்வ. பிள்ளை பெத்தவளுக்காக, சரியானதை யாராவது காட்டினா அதையும் நீ செய்வன்னு நினைச்சேன்." சுல்மா சிரித்தாள். "ஒகாம்போவுக்குக் காட்டினா, அவரு திருப்பி நமக்கு சர்டிபிகேட்டைக் காட்டுவாரு."

எல்விராவும் சிரித்தாள். சிரிக்கும்போதே கண் நிறைந்தது. சுல்மா கொடுத்த குடுவையை வாங்கி, இருந்ததை உறிஞ்சி முடித்தாள். நன்றி என்ற சொல் நாக்கு நுனி வரை வந்தது. ஆனால் குடுவையைத் திருப்பிக் கொடுக்கும்போது அந்தச் சொல்லைச் சொன்னால், அந்த ஊர் வழக்கப்படி 'எனக்குப் போதும்' என்று பொருள், அப்புறம் ஊற்ற மாட்டார்கள். அவள் ஒன்றும் சொல்லாமல் குடுவையை நீட்டினாள். சுல்மா வாங்கிக்கொண்டு, பிளாஸ்கைச் சாய்த்து, மெல்ல வெந்நீர் ஊற்றினாள். பச்சை நுரை விளிம்புவரை எழும்பி வந்தது.