எடைக்கல் வைத்துப் பார்த்த நெட்

எங்கள் வீட்டுக்கு நான்கு சக்கரம். உள்ளே கட்டில் உண்டு, அடுப்பு உண்டு, இழுத்தால் மேஜையாகவும் மடக்கினால் சுவராகவும் ஆகும் பலகை ஒன்றும் உண்டு. நெட்டும் இருந்தது. கூப்பிடாத நேரத்தில் வந்து உட்காரும், வேலை என்று வந்தால் கம்பி நீட்டிவிடும்.

என் வீட்டுக்காரர் (வீடே இல்லை, பட்டத்துக்கு மட்டும் குறைச்சல் இல்லை) எடை மெஷின் மெக்கானிக். ஊர் ஊராகப் போய்க் கடைகளிலும் கிடங்குகளிலும் மெஷின்களைச் சரிபார்ப்பார். ஊருக்கு ஊர் வாடகை கொடுத்து மாளாமல்தான் பழைய வேன் ஒன்றை வாங்கி அதில் குடியேறினோம். அதற்குள் உட்கார்ந்து நான் பார்ப்பது வேறு வேலை. காது கேட்காத மாணவி ஒருத்தி கட்டடப் படிப்பு படிக்கிறாள். வகுப்பில் வாத்தியார் பேசுவது நெட் வழியாக என் காதில் விழும். விழ விழ நான் டைப் செய்வேன். அவள் முன்னால் இருக்கும் திரையில் அது ஓடும். பேச்சு மட்டுமல்ல, கதவு சாத்தும் சத்தம், பின்பெஞ்சுச் சிரிப்பு எல்லாவற்றையும் அடைப்புக்குறிக்குள் போட வேண்டும். மற்றவர்கள் காதில் விழுவது எதுவும் அவளுக்குத் தவறக்கூடாது என்பது எங்கள் வேலையின் சட்டம்.

நெட் போனால் வாத்தியாரின் வாய் மட்டும்தான் அவளுக்கு அசையும். அந்தப் பருவத்தில் அடிக்கடி அப்படித்தான் அசைந்தது. எனக்கு வேலை தரும் அலுவலக மேடம் போன் செய்தார்.

"உங்க டைப்பிங்ல ஒரு குறையும் இல்லம்மா. ஆனா வர்ற திங்கக்கிழமை பரீட்சைக்கு முந்தின கடைசி வகுப்பு. அன்னைக்கும் லைன் கட்டாச்சுன்னா நான் வேற ஆளப் போட்டுருவேன். அந்தப் பொண்ணு பாவம் இல்லையா?"

பாவம்தான். வேலை போய்விடுமே என்ற பயம் இருந்தது. ஆனால் அதைவிட, அவள் வெறும் வாயைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாளே என்பதுதான் பெரிதாகப் பட்டது.

நாங்கள் சும்மா இருக்கவில்லை. வானத்திலிருந்து நெட் இறக்கும் தட்டின் விலையை விசாரித்தோம். கேட்டதும் இவர் குடித்துக்கொண்டிருந்த டீயைக் கீழே வைத்துவிட்டார். 'அளவில்லா' திட்டம் போட்டோம். அதற்கும் ஓர் அளவு இருந்தது, அதைத் தாண்டியதும் நத்தையாகிவிட்டது. பிறகு இவர் இரண்டு கம்பெனிகளின் மலிவான சிம்களை வாங்கி ஒரே ரவுட்டரில் போட்டார்.

"ஒண்ணு படுத்தா இன்னொண்ணு எழுந்து நிக்கும் பாரு."

இரண்டும் சொல்லிவைத்தாற்போல் ஒன்றாகப் படுத்தன. கம்பெனிக்குப் போன் போட்டு நான் கத்திய பிறகுதான் விஷயம் வெளியே வந்தது. இரண்டாவது கம்பெனிக்குச் சொந்த டவரே கிடையாதாம். முதல் கம்பெனியின் டவரில்தான் ஒண்டியிருக்கிறதாம்.

"நம்மள மாதிரியே ஒண்டுக்குடித்தனம்" என்று இவர் சிரித்தார். நான் முறைத்த முறைப்பில் போய் வேறு டவர் வைத்திருக்கும் கம்பெனியின் சிம்மை வாங்கி வந்தார்.

அப்போதும் தகராறு ஓயவில்லை. இவர் எப்போதும் வண்டியை பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால்தான் நிறுத்துவார்.

"போனப் பாரேன், சிக்னல் கோடு மொத்தமும் நிக்குது. இதவிட நல்ல இடம் எங்க இருக்கு?"

"கோடு நிக்குது, நெட்டு நகரலையே!"

"கோடு இருந்தா நெட்டு இருக்கும். உனக்கு அவசரம்."

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "கடைக்காரர் மெஷின் சரியாத்தான் காட்டுதுன்னு சொன்னா நீங்க நம்புவீங்களா?"

"அதெப்படி? தெரிஞ்ச எடைக்கல்ல வச்சுப் பாத்துதான்…" என்று ஆரம்பித்தவர் பாதியில் நிறுத்தினார். பிறகு சாவியை எடுத்தார். அவருடைய தோல்வி எனக்கு எவ்வளவு இனித்தது என்று சொல்லாவிட்டால் நான் பொய்க்காரி.

பழைய வகுப்பின் வீடியோ ஒன்றை எடைக்கல்லாக வைத்துக்கொண்டோம். வகுப்பு இல்லாத நாட்களில், வகுப்பு நடக்கும் அதே நேரத்துக்கு ஒவ்வோர் இடமாக நிறுத்தி அதையே அனுப்பிப் பார்த்தோம். பஸ் ஸ்டாண்டில் அது ஊர்ந்தது. ஊரே அங்கே உட்கார்ந்து போனில் படம் பார்த்துக்கொண்டிருந்தால் எனக்கு என்ன மிஞ்சும்? கடைசியில் ஊர் முடிகிற இடத்தில், மரக்கடைக்குப் பின்னால், கோடு பாதிகூட இல்லாத ஒரு வெற்றுத் தரையில் வீடியோ விறுவிறுவென்று போனது. இரண்டு சிம்மிலும் போனது.

"மெஷின் பொய் சொல்லிருக்கு" என்றார் இவர், பழியை அழகாகப் போனின் தலையில் போட்டுவிட்டு.

திங்கட்கிழமை அங்கேயே நிறுத்தினோம். வகுப்பு தொடங்கியது. வாத்தியார் பாலங்களைப் பற்றி மூச்சுவிடாமல் பேசினார். பாதி வகுப்பில் ரவுட்டரின் பச்சை விளக்கு அணைந்தது. எனக்கு உயிரே போய்விட்டது. அடுத்த சிம்மின் விளக்கு எரிந்தது. எழுத்து ஓடிக்கொண்டே இருந்தது. நானும் ஓடினேன். கடைசி மணி அடிக்கும் வரை ஒரு வார்த்தையும் தவறவில்லை.

மூச்சுவிட்டு நாற்காலியில் சாய்ந்தபோது திரையில் அவள் எழுதினாள்.

"அக்கா, நடுவுல மழைச் சத்தம்னு போட்டீங்க. இங்க வெயில் கொளுத்துது. நான் திரும்பி ஜன்னலப் பாத்தேன், எல்லாரும் என்னப் பாத்தாங்க."

நிமிர்ந்தேன். எங்கள் தகரக் கூரைமேல் மழை அடித்துக்கொண்டிருந்தது. வெளியே இவர் ரவுட்டரின் ஆன்டெனா வயர்மேல் பிளாஸ்டிக் பையைச் சுற்றியபடி தொப்பலாக நின்றார். வேலை மும்முரத்தில் எங்கள் வீட்டு மழையைக் கொண்டுபோய் அவள் கல்லூரியில் பெய்யவைத்திருக்கிறேன். வெட்கமாகப் போய்விட்டது.

"மன்னிச்சுக்கோம்மா. மழை இங்க, எங்க வேன் மேல. நாங்க வேன்லதான் குடியிருக்கோம்."

பதில் வரவில்லை. லைன் போய்விட்டதோ என்று விளக்கைப் பார்த்தேன். எரிந்தது. இந்தக் காலத்தில் வேனில் இருப்பவளை நம்பி யார் படிப்பார்கள் என்று எனக்கு நானே பதில் சொல்லிக்கொண்டிருந்தபோது எழுத்து வந்தது.

"மேடத்துக்கு மெசேஜ் போட்டுட்டேன்க்கா. அடுத்த வருஷமும் எனக்கு நீங்கதான். உங்க வீட்டு மழகூட எனக்குத் தப்பல."

கண் கலங்கிவிட்டது. துடைப்பதற்குள் இன்னொரு வரி வந்தது.

"வகுப்பு முடிஞ்சிருச்சு, ஆனா லைனக் கட் பண்ணாதீங்க. வேன் மேல மழ எப்படிக் கேக்கும்? எழுதுங்க."

கதவைத் திறந்து உள்ளே வந்தவரை விரலைக் காட்டி அடக்கினேன். அவர் சொட்டச் சொட்ட அப்படியே நின்றார். கூரையைக் காது கொடுத்துக் கேட்டேன். இத்தனை நாள் அதன் கீழே இருந்தும் அதை நான் கேட்டதே இல்லை.

'(ஒரு கை அரிசியைத் தகரத்தில் இறைத்த மாதிரி)' என்று தொடங்கினேன். மழை ஓயும் வரை லைன் அறுபடவே இல்லை.